முப்பது சட்டைத் தூரம்

லண்டன் எவ்வளவு தூரம் என்று பெரியதம்பியிடம் கேட்டால், "முப்பது சட்டை" என்பார். கேட்டவர் சிரித்தால் அவரும் கூடச் சிரிப்பார். கணக்கை மட்டும் மாற்ற மாட்டார்.

அது விளையாட்டுப் பேச்சு அல்ல. சிங்கப்பூரில் டோபி காட் என்னும் வண்ணான்துறையில் துணி வெளுத்துப் பிழைத்த பெரியதம்பிக்கு, கப்பலில் வந்திறங்கும் வெள்ளைக்காரர்களின் அழுக்கு மூட்டைதான் உலகப் படம். தபால் கப்பல் வந்த மறுநாள் ஓட்டல்களிலிருந்து மூட்டைகள் வரும். அவிழ்த்து உருப்படிகளைப் பிரித்தால் போதும், ஆள் எங்கே ஏறினார் என்று சொல்லிவிடுவார். பினாங்கில் ஏறியவருக்கு இரண்டு சட்டை. கொழும்பு என்றால் ஆறு. லண்டன் என்றால் முப்பது. ஒன்றிரண்டு கூடும், குறையும். மூட்டையின் அடியில் கிடப்பவை கனத்த கம்பளிச் சட்டைகள். போர்ட் சயீது தாண்டியதும் வெள்ளைப் பருத்தி தொடங்கும். செங்கடலில் வேர்த்த வேர்வைக்கு ஒரே நாளில் இரண்டு சட்டை அழுக்காகியிருக்கும். காலர்களில் படிந்த கப்பல் கரி மட்டும் எல்லா நாட்டுக்கும் பொது.

தாம் வந்த தூரத்துக்குத்தான் அவரிடம் கணக்கில்லை. பத்தொன்பது வயதில் நாகப்பட்டினத்தில் கப்பலேறியபோது இடுப்பில் ஒரு வேட்டி இருந்தது. சிங்கப்பூரில் இறங்கியபோதும் அதே வேட்டிதான்.

"அப்ப நம்ம ஊரு ஒத்த வேட்டித் தூரம்னு சொல்லுங்களேன்" என்பாள் அவர் மனைவி கண்மணி.

"மாத்துத் துணி இல்லாதவனுக்கு ஏதுடி தூரம்?" என்பார் அவர். அந்தப் பேச்சு அத்தோடு முடியும்.

1919-ஆம் ஆண்டில் பெரியதம்பியின் தொழிலுக்கு ஒரு நெருக்கடி வந்தது. ஓடையில் துவைத்துக் கரையோரப் புல்லில் துணி விரிப்பதுதான் அங்கே வழக்கம். அந்தப் புல்வெளியை நாலு பக்கமும் வீடுகளும் கடைகளும் நெருக்கிக்கொண்டே வந்தன. கடைசியில், அடுத்த ஆண்டு தொடக்கத்தில் அதிலும் கட்டடம் எழும்பப் போகிறது என்று சொல்லிவிட்டார்கள். தண்ணீரை எங்கேயாவது பிடித்துக்கொள்ளலாம். வெயில் தடையில்லாமல் விழுகிற சுத்தமான புல்லுக்கு எங்கே போவது? கொடியில் காய்ந்த துணிக்கும் புல்லில் காய்ந்த துணிக்கும் உள்ள வேறுபாடு, சோற்றுக்கும் பழைய சோற்றுக்கும் உள்ளது போல என்பது அவர் எண்ணம்.

சிராங்கூன் சாலையை ஒட்டி அப்போது குதிரைப் பந்தயத் திடல் இருந்தது. இன்று ஃபேரர் பார்க் என்கிறோமே, அந்த இடம்தான். அதன் கிழக்கு ஓரத்தில் குதிரை ஓடாத புல்தரை நீளமாகக் கிடந்தது. அதில் துணி காயப்போட அனுமதி கிடைத்தால் பிழைத்தோம் என்று பெரியதம்பி நம்பினார். பந்தயத் திடல் அலுவலகத்தில் கணக்கெழுதும் கிராணி அம்பலவாணர். யாழ்ப்பாணத்துக்காரர், தலைப்பாகையும் கோட்டும் ஒரு நாளும் கசங்காதவர். அவற்றைக் கசங்காமல் வைத்திருந்தவர் பெரியதம்பிதான் என்பதால் இருவருக்கும் நல்ல பழக்கம். ஐந்து மாதமாகப் பெரியதம்பி புல்லைக் கேட்டுக்கொண்டே இருந்தார். அம்பலவாணர் "துரையிட்டைச் சொல்லுறன்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

நவம்பர் கடைசியில் ஒரு நாள், திடலின் வாசலுக்கு எதிரே ஹனீபாவின் தேநீர்க் கடையில் வைத்து அம்பலவாணர் வாய் திறந்தார்.

"ஆகாயக் கப்பல் ஒண்டு வருகுது, பெரியதம்பி. லண்டனிலை இருந்து அவுஸ்திரேலியாவுக்கு. நடுவிலை இங்கையும் இறங்கும்."

"இங்கன்னா, தஞ்சோங் பகார் துறைமுகத்துலயா?"

"இல்லைக் காணும். எங்கடை பந்தயத் திடலிலை."

பெரியதம்பி குவளையைக் கீழே வைத்தார். "கப்பல்ங்கிறீங்க. புல்லுல எறங்கும்ங்கிறீங்க."

"குதிர ஓடுன எடத்துல கப்பல் ஓடிட்டுப் போவுது லா! உனக்கு என்னப்பா வலிக்குது?" என்றார் ஹனீபா, தேநீரை ஆற்றிக்கொண்டே.

"எனக்கொண்ணும் வலிக்கல பாய். கிராணி ஐயா, எத்தன நாள்ல வருதாம்?"

"நவம்பர் பன்னிரண்டு வெளிக்கிட்டது. டிசம்பர் முதல் கிழமையிலை இங்கை நிக்கும் எண்டு தந்தி."

பெரியதம்பி விரலை மடக்கிப் பார்த்தார். மூன்று வாரத்துக்குச் சற்றே மேல். அவருக்குச் சப்பென்று போய்விட்டது. "ப்பூ, தபால் கப்பலே கிட்டத்தட்ட அந்தக் கணக்குலதான் வருது. இதுக்குப் போயி ஆகாயத்துல ஏறணுமா?"

"அவசரப்படாதையும். கப்பல் இரவும் பகலும் ஓடும். இது பகலிலை மட்டும் பறக்கும். மழை எண்டால் நிக்கும், எண்ணெய் இல்லையெண்டால் நிக்கும். பேப்பரிலை போட்டிருக்கிறான், கிட்டத்தட்ட ஒன்பதாயிரம் மைல். பறந்த மணித்தியாலங்களை மட்டும் கூட்டிப் பார்த்தால் அஞ்சு நாளும் நிரம்பாது."

பெரியதம்பி மறுபடி விரலை மடக்கினார். ஐந்து நாள். கொழும்பிலிருந்து வருகிறவருக்கே ஆறு சட்டை ஆகிறதே! அப்படியானால் லண்டன் கொழும்புக்கும் இந்தப் பக்கம் வந்துவிட்டதா? போர்ட் சயீது எங்கே போயிற்று, செங்கடல் எங்கே போயிற்று? ஹனீபா மறுபடி ஊற்றிய தேநீர் அவர் முன்னால் ஆடை கட்டி ஆறியது.

"காது குடுத்துக் கேளும். இதிலைதான் உமக்கு வேலை" என்று அம்பலவாணர் அவரை உலுக்கினார். "மழைக்காலம். திடலிலை பாதி சேறு. எந்தப் பக்கம் இறுகின தரை எண்டு மேலை இருந்து வாறவனுக்குத் தெரியாது. அங்கை வெள்ளைத் துணியிலை பெரிய சிலுவை மாதிரிக் குறி போட வேணும்."

வெளுப்பவருக்குக் குறி என்றால் ஒன்றுதான். இன்ன வீட்டுத் துணி என்று தெரிவதற்காகச் சேங்கொட்டைச் சாற்றில் ஊசியைத் தொட்டு, துணியின் ஓரத்தில் கடுகளவு வைக்கும் கறுப்பு அடையாளம். "குறிதானே, போட்டுடலாம். எந்த வீட்டுக் குறி?" என்றார் பெரியதம்பி.

ஹனீபா சிரித்த சிரிப்பில் தேநீர் அடுப்பில் கொட்டியது.

"வீட்டுக் குறி இல்லைக் காணும்! ஆகாயத்திலை இருந்து தெரியுற குறி. முப்பது முழம் நீளம், முப்பது முழம் அகலம்." அம்பலவாணருக்கும் சிரிப்பு வந்துவிட்டது, அடக்கிக்கொண்டார். "ஒழுங்காச் செய்தால் கிழக்கு ஓரத்திலை துணி காயப்போட எழுதித் தாறன் எண்டு துரை சொல்லிப் போட்டார். பிழைச்சால், அதிலை வாற நாலு மனுசர் சேத்துக்குள்ளை தலைகீழாக் கிடப்பினம். அதுக்குப் பிறகு நீர் என்னட்டைப் புல்லுக் கேக்க மாட்டீர்."

"செய்யறேங்க" என்றார் பெரியதம்பி. பிறகு சற்றுத் தயங்கி, "அவங்க அழுக்குத் துணியையும் நமக்கே வாங்கிக் குடுத்துடுங்க. அஞ்சு நாளா இருவது நாளான்னு பிரிச்சுப் பாத்தாத் தெரிஞ்சுபோவும்" என்றார்.

கண்மணி பழைய படுக்கை விரிப்புகளை ஒன்றோடொன்று சேர்த்துத் தைத்தாள். வெள்ளாவி வைத்து, நீலம் போட்டு, வெயிலில் பார்த்தால் கண் கூசும்படி பெரியதம்பி அவற்றை வெளுத்தெடுத்தார். "மேல போறவனுக்கு இம்புட்டு வெள்ள வேணுமா? எதுக்கும் கஞ்சியும் போட்டுடுங்க, மொடமொடன்னு இருக்கட்டும்" என்று அவள் கேலி செய்தாள். அவர் உண்மையிலேயே கஞ்சியும் போட்டார்.

டிசம்பர் நாலாம் தேதி. காலையில் சயாம் நாட்டுக் கரையிலிருந்து கிளம்பிவிட்டது என்று செய்தி. சயாமில் காலைச் சோறு தின்றவர்கள் சிங்கப்பூரில் மாலைத் தேநீர் குடிப்பார்கள் என்று ஊரெல்லாம் பேச்சு. திடலின் கம்பி வேலிக்கு வெளியே சீனரும் மலாய்க்காரரும் தமிழரும் நெருக்கியடித்து நின்றார்கள். டிராம் வண்டியில் தொங்கிக்கொண்டு வந்தவர்கள் பலர். பந்தய நாளில்கூட அத்தனை கூட்டம் கூடியதில்லை.

பெரியதம்பியும் கண்மணியும் இறுகிய தரையின் ஓரத்தில் சிலுவையை விரித்து, நான்கு கைகளின் நுனியிலும் துறைக்கற்களைத் தூக்கி வைத்தார்கள். பச்சைப் புல்லில் வெள்ளைச் சிலுவை அப்படியே எரிந்தது. அம்பலவாணர் சுற்றி வந்து பார்த்து, "சோக்காயிருக்கு" என்று மட்டும் சொன்னார். அவருக்குத் தேநீர் கொண்டுவரும் சாக்கில் ஹனீபாவும் கம்பிக்கு உள்ளே நுழைந்துவிட்டார். இனிக் காத்திருப்பதுதான் வேலை. கிராணி தேநீரோடு பந்தய மேடைப் பக்கம் ஒதுங்கினார்.

பிற்பகலில் வடகிழக்கில் மேகம் திரண்டது. குளிர்ந்த காற்று ஒன்று புல்லைச் சாய்த்துக்கொண்டு ஓடி வந்தது. பெரியதம்பியின் புறங்கையில் ஒரு துளி விழுந்தது.

அதன் பிறகு நடந்தது அவர் யோசித்துச் செய்ததல்ல. இருபத்தாறு ஆண்டுகளாக முதல் துளி விழுந்ததும் எழுந்து ஓடிய கால்கள் அவை. "கண்மணீ, மழ!" என்று கத்தியது அவர் வாய். அவளும் அதே நொடியில் எழுந்துவிட்டாள். இந்த முனையை அவர் சுருட்ட, அந்த முனையை அவள் சுருட்ட, கற்கள் நாலாபுறமும் உருண்டன. கண் மூடித் திறப்பதற்குள் முப்பது முழச் சிலுவை ஒரு மூட்டையாகி அவர் தோளில் ஏறியது. இருவரும் திடலோரத்து மழைமரத்தடிக்கு வந்து நின்று மூச்சு வாங்கினார்கள். ஒரு நூல்கூட நனையவில்லை. பெரியதம்பிக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

அம்பலவாணர் கையில் குடையோடு ஓடி வந்தார். அவர் ஓடி யாரும் பார்த்ததில்லை.

"என்ன செய்து போட்டீர் காணும்!"

"மழ வந்துச்சுங்க. துணி நனைஞ்சுடுமே…"

"நனையட்டும்! அது துணி இல்லைக் காணும், குறி! குறி!"

பெரியதம்பி தோளில் இருந்த மூட்டையைத் திரும்பிப் பார்த்தார். அப்போதுதான் அந்த ஓசை கேட்டது. முதலில் தொலைவில் மாவரைப்பது போல. பிறகு வானத்தின் அடித்தளமே உறுமுவது போல. லாயங்களில் குதிரைகள் கனைத்துக் காலை உதைத்தன. கம்பி வேலிக் கூட்டம் ஒரே குரலாகக் கத்திற்று.

மூட்டையோடு அவர் ஓடினார். கண்மணி சேலையைச் செருகிக்கொண்டு முன்னால் ஓடினாள். விரித்த துணியைக் காற்று கப்பல் பாய்போல உப்பவைத்துப் பறித்தது. கற்கள் புல்லுக்குள் எங்கெங்கோ கிடந்தன, தேட நேரமில்லை. "உக்காருங்க! ஆளுக்கொரு மூலையில உக்காருங்க!" என்று கண்மணி அலறினாள். அவள் ஒரு முனையில் சப்பணமிட்டு உட்கார்ந்தாள். எதிர் முனையில் பெரியதம்பி குப்புற விழுந்தார். மூன்றாவது முனையில் தேநீர்ப் பாத்திரத்தைக் கட்டிக்கொண்டு ஹனீபா. நான்காவது முனை மட்டும் காற்றில் படபடத்து அடித்தது. அம்பலவாணர் தம் கோட்டைப் பார்த்தார், ஈரப் புல்லைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார். பிறகு "முருகா" என்று அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

வானூர்தி மேகத்தைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்தது. ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு பெரிய இறக்கைகள். இடையில் கம்பும் கம்பியும். இரண்டு பக்கமும் சுழலும் இயந்திரங்கள். திடலை ஒரு முறை வட்டமிட்டது. பெரியதம்பி தலையை மட்டும் திருப்பி மேலே பார்த்துக்கொண்டிருந்தார். அவ்வளவு பெரிய பொருள் ஒன்று கீழே எதையும் தொடாமல் நிற்பதை அவர் கண் பார்த்தது, மனம் ஏற்கவில்லை. கடலில் கப்பலைத் தண்ணீர் தாங்குகிறது. இதை எது தாங்குகிறது? தம்மைச் சுற்றி எப்போதும் இருக்கிற, துணியை உலர்த்துவதற்கு மட்டுமே உதவும் என்று நினைத்திருந்த, இந்தக் காற்றா?

அது சிலுவையை நோக்கித் தாழ்ந்தது. திடல் சிறியது, அதன் வேகமோ பெரியது. அப்போது அதன் முதுகில் ஒரு மனிதர் வெளியே வந்தார். ஓடுகிற மாட்டின் முதுகில் ஊர்வது போல அவர் வாலை நோக்கி நகர்ந்து போனார். கூட்டம் மூச்சை நிறுத்தியது. அவருடைய பாரத்தால் வால் தாழ்ந்து தரையைத் தொட, சக்கரங்கள் புல்லில் உருண்டு, சிலுவைக்குப் பக்கமாகக் கடந்து, இறுகிய தரையிலேயே வேகம் குறைந்து, வேலிக்கு முன்னால் வண்டி நின்றது. இறக்கை கிளப்பிய காற்று அம்பலவாணரின் தலைப்பாகையைக் கொண்டுபோய்விட்டது.

யாரும் எழுந்திருக்கவில்லை. கண்மணி இரு கைகளையும் தலைக்கு மேல் கூப்பியிருந்தாள். ஆனால் அவள் உதடுகளில் எந்தச் சாமியின் பெயரும் இல்லை.

சற்றுப் பொறுத்துத் துரை குதிரையில் வந்தார். மூலைக்கு ஒருவராக உட்கார்ந்திருந்த நால்வரையும் பார்த்தார். அம்பலவாணரிடம் ஏதோ சொல்லிவிட்டுப் போனார்.

"என்னங்க சொன்னாரு?" என்றார் பெரியதம்பி. புல் போயிற்று என்றே நினைத்தார்.

அம்பலவாணர் கோட்டுச் சேற்றைத் தட்டிக்கொண்டு எழுந்தார். "காத்துக்குத் துணி பறக்காமல் ஆள் வைச்சது நல்ல ஏற்பாடாம். என்னைப் பாராட்டினார். ஆர் சொன்ன யோசனை எண்டு கேட்டார். வண்ணானுடைய யோசனை எண்டு சொன்னன்."

"அது கண்மணி சொன்னதுங்க."

"அதை நான் சொல்லப் போனால், சுருட்டினது ஆர் எண்டதையும் சொல்ல வேண்டி வரும். வாயை மூடிக்கொண்டிரும். கிழக்கு ஓரம் உமக்குத்தான்."

அன்று மாலையே வந்தவர்களின் அழுக்குத் துணியை அம்பலவாணர் வாங்கி வந்தார். பெரியதம்பி நாலு பேருக்கும் சேர்த்துக் கைவண்டியே கொண்டுபோயிருந்தார். கிராணியின் அக்குளில் இருந்தது ஒரு சிறு பொட்டலம். பிரித்தால் நாலு சட்டை, நாலு பேருடைய உள்ளுடுப்பு. அவ்வளவுதான்.

"மத்ததெல்லாம் எங்க?"

"வேறை இல்லை. பாரம் எண்டு ஒண்டும் கொண்டு வரேல்லையாம். பல்லு விளக்குற பிரஷும் போட்டிருந்த உடுப்பும்தான். இப்ப இரவல் உடுப்பிலை நிக்கினம்."

பெரியதம்பி ஒரு சட்டையை இரு கையிலும் ஏந்தினார். தடித்த கம்பளி, மூட்டையின் அடியில் கிடக்குமே, அந்த லண்டன் சட்டை. அதற்கு மேலே இருக்க வேண்டிய இருபத்தொன்பதும் இல்லை. மறுநாள் விடிந்ததும் அவரே தொட்டியில் ஊறப்போட்டார். முதல் தண்ணீரில் எண்ணெய் கறுப்பாய் மிதந்தது. கப்பல் கரி துளியும் இல்லை. இரண்டாம் தண்ணீரில் மஞ்சள் மணல், மாவைவிட நைசாக அடியில் படிந்தது. மூன்றாவதில் செம்மண். கண்மணி விரலால் தொட்டுப் பார்த்து, "இது இந்த ஊரு மண்ணு இல்லீங்க" என்றாள். கெய்ரோ, கராச்சி, டில்லி, கல்கத்தா, ரங்கூன் என்று கிராணி வாசித்துச் சொன்ன ஊர்கள் எல்லாம் அந்தத் தொட்டியில் ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடந்தன. தண்ணீரைக் கொட்ட அவருக்கு மனம் வரவில்லை. கையால் மெல்லக் கலக்கிக்கொண்டே இருந்தார்.

"ஒத்த வேட்டியோட வந்தீங்களே, அதே மாதிரிதான் இவுங்களும்" என்றாள் கண்மணி.

அவர் தலையை ஆட்டினார்.

கிழக்கு ஓரப் புல்லில் முதன்முதலாகக் காய்ந்தவை அந்த நாலு சட்டைகள். தேய்ப்புப் பெட்டி போட்டு மடித்துப் பகலுக்குள் கொடுத்தனுப்பினார். அதற்கு மறுநாள் காலை வானூர்தி கிளம்பும் நேரத்தில் கணவனும் மனைவியும் அதே புல்லில் ஓட்டல் விரிப்புகளைக் காயப்போட்டுக்கொண்டிருந்தார்கள். இயந்திரம் உறுமி, புல்லைச் சீவிக்கொண்டு ஓடி, வேலி வருவதற்குள் தரையை விட்டது. சக்கரத்துக்கும் புல்லுக்கும் இடையே வெளிச்சம் தெரிந்த அந்த நொடியில் பெரியதம்பி நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"என்னங்க?"

"சட்டைல குறி போட்டுட்டேன்டி. பழக்க தோசம். அவங்களுக்கு ஏது வீட்டுக் குறின்னு நம்ம குறியையே வச்சிட்டேன். ரெண்டு புள்ளி, கீழ ஒரு கோடு. காலருக்கு உள்ளாற."

"நாலுலயுமா?"

"நாலுலயும்."

கண்மணி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்று, கையைப் புருவத்தின்மேல் வைத்துத் தெற்கே பார்த்தாள். "அப்ப நம்ம குறி போவுதா அங்க?"

"போவுது."

வானூர்தி கட்டைவிரல் அளவாயிற்று, கொசு அளவாயிற்று, சேங்கொட்டைப் புள்ளி அளவாயிற்று. இரண்டு துளி அவர் முகத்தில் விழுந்தது. பிறகு பத்து. ஹனீபா கடையிலிருந்து, "யோவ் பெரியதம்பி! மழய்யா, மழ! துணிய அள்ளு!" என்று கத்தினார். விரிப்புகள் எல்லாம் புல்லோடு ஒட்டி நனைந்துகொண்டிருந்தன. அந்தப் புள்ளி நின்ற இடத்தைப் பார்த்தபடி இருவரும் நின்றார்கள்.